எண்ணிக்கையும் சான்றும்: பல தேடுபொறிகளை ஒருங்கே வினவும் கருவிகள் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல இணையத் தேடுபொறிகளை ஒரே நேரத்தில் வினவி, அவற்றின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்துத் தரும் கருவிகள் 1995 முதல் புழக்கத்தில் உள்ளன. எத்தனை தேடுபொறிகளை வினவுகின்றன என்னும் எண்ணிக்கையைக் கொண்டே இக்கருவிகளை மதிப்பிடுவது வழக்கமாக இருந்து வந்துள்ளது. வினவப்படும் தேடுபொறிகள் ஒன்றையொன்று சாராதனவாக இருந்தால் மட்டுமே அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு என இக்கட்டுரை வாதிடுகிறது. டாக்பைல், இக்ஸ்குவிக், கிளஸ்டி, மெட்டாகெர், சர்க்ஸ்என்ஜி ஆகிய கருவிகள் இந்நோக்கில் ஒப்பிடப்படுகின்றன. ஆய்வாளர் இவற்றைப் பயன்படுத்தும்போது பதிவு செய்ய வேண்டியவையும் சுட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: கூட்டுத் தேடுபொறி, அடைவு, சார்பின்மை, தரவரிசைத் தொகுப்பு, தமிழ் வினவல்

முன்னுரை

முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளில் முன்னாய்வுகள் பற்றிய இயல் தவறாமல் இடம்பெறும். ‘இப்பொருண்மையில் இதுவரை ஆய்வு நிகழவில்லை’ என்னும் தொடரும் அங்கே அடிக்கடி காணப்படும். அத்தொடருக்கு ஆதாரமாக நிற்பது பெரும்பாலும் ஓர் இணையத் தேடல்தான். தேடலை விரிவாகச் செய்ததாகக் காட்ட விரும்பும் ஆய்வாளர், ஒரு தேடுபொறியோடு நில்லாமல் பல தேடுபொறிகளை ஒருங்கே வினவும் கருவியை நாடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் மெட்டாசெர்ச் எனப்படும் இவ்வகைக் கருவியை இக்கட்டுரை ‘கூட்டுத் தேடுபொறி’ எனக் குறிக்கிறது.

கூட்டுத் தேடுபொறிக்கும் பொதுவான தேடுபொறிக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. கூகுள், பிங் போன்றவை வலைப்பக்கங்களைத் தாமே சென்று படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்னும் அடைவைத் தொகுத்து வைத்துள்ளன. சங்க இலக்கியச் சொல்லடைவு எவ்வாறு நூலுக்கு வழிகாட்டுகிறதோ அவ்வாறே இந்த அடைவு வலைக்கு வழிகாட்டுகிறது. கூட்டுத் தேடுபொறிக்கு அத்தகைய அடைவு இல்லை. பயனர் தரும் வினவலைப் பிற தேடுபொறிகளுக்கு அனுப்பி, அவை தரும் விடைகளைப் பெற்று, ஒரே முகவரி மீண்டும் வந்தால் ஒன்றாக்கி, புதிதாக வரிசைப்படுத்திக் காட்டுவதே அதன் பணி. ஆகவே அதன் தரம் முழுவதும் பிறரிடமிருந்து பெறும் விடைகளையும், அவற்றை இணைக்கும் முறையையும் பொறுத்தது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வது இங்குத் தேவையாகிறது.

தோற்றமும் தேவையும்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக் செல்பெர்க், ஓரன் எட்சியோனி ஆகியோர் உருவாக்கிய மெட்டாகிராலர் 1995-இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. லைகோஸ், வெப்கிராலர், இன்ஃபோசீக் முதலிய அக்காலத் தேடுபொறிகளை அது ஒருங்கே வினவியது. அன்றைய தேடுபொறி ஒவ்வொன்றும் வலையின் ஒரு பகுதியை மட்டுமே அடைவாக்கியிருந்தது. ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தமையால், கூட்டித் தேடுவது பயனர்க்கு உண்மையான தேவையாக இருந்தது.

மெட்டாகிராலரிடம் குறிப்பிடத்தக்க மற்றொரு கூறும் இருந்தது. பயனர் விரும்பினால், பிற தேடுபொறிகள் சுட்டிய பக்கங்களை நேரில் பதிவிறக்கி, தேடிய சொற்கள் அங்கு உண்மையில் உள்ளனவா எனச் சரிபார்க்கும் வசதி அது. கேட்ட செய்தியை அப்படியே சொல்லாமல் மூலத்தைப் பார்த்துச் சொல்லும் ஆய்வு மனப்பான்மை இதில் தெரிகிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் டிரைலிங்கர் உருவாக்கிய சேவிசெர்ச் வேறொரு வழியை மேற்கொண்டது. எல்லாத் தேடுபொறிகளையும் வினவாமல், எவ்வகை வினவலுக்கு எது நல்ல விடை தந்தது என்பதை முன்னனுபவத்தால் கற்று, பொருத்தமானவற்றைத் தேர்ந்து வினவியது. சரிபார்த்தல், தேர்ந்து வினவுதல் ஆகிய இவ்விரு கூறுகளும் நேரத்தையும் கணினி ஆற்றலையும் மிகுதியாகக் கோருவன. பின்வந்த வணிகக் கருவிகள் விரைவை முதன்மையாகக் கொண்டமையால் இவை பின்தள்ளப்பட்டன. எத்தனை தேடுபொறிகள் என்னும் எண்ணிக்கையே விளம்பரத்தில் முன்னிறுத்தப்பட்டது.

2005ஆம் ஆண்டு ஒப்பாய்வு

கூட்டுத் தேடலின் பயனை நிறுவ அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று 2005-இல் நிகழ்ந்தது. டாக்பைல் கருவியின் உரிமையாளரான இன்ஃபோஸ்பேஸ் நிறுவனமும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் இதில் இணைந்திருந்தனர். கூகுள், யாகூ, எம்எஸ்என், ஆஸ்க் ஜீவ்ஸ் ஆகிய நான்கு தேடுபொறிகளின் முதற்பக்க முடிவுகள் 12,570 வினவல்களைக் கொண்டு ஒப்பிடப்பட்டன. முடிவுகளுள் 84.9 விழுக்காடு ஏதேனும் ஒரு தேடுபொறியில் மட்டுமே காணப்பட்டது. 11.4 விழுக்காடு இரண்டிலும், 2.6 விழுக்காடு மூன்றிலும், 1.1 விழுக்காடு மட்டுமே நான்கிலும் காணப்பட்டன.

இவ்வெண்கள் கூட்டுத் தேடலுக்கு வலிமையான ஆதரவாகத் தோன்றுகின்றன. எனினும் இவற்றைப் பயன்படுத்துவோர் மூன்று செய்திகளைக் கருதுதல் வேண்டும். முதலாவது, ஆய்வில் பங்குகொண்ட நிறுவனத்திற்கு அதன் முடிவில் வணிக ஈடுபாடு இருந்தது. இதனால் எண்கள் பொய்யாகிவிடா. ஆனால் எந்த வினா எழுப்பப்பட்டது, எது எழுப்பப்படவில்லை என்பதை இது விளக்கும். இரண்டாவது, ஒரு முடிவு ஒரே தேடுபொறியில் மட்டும் காணப்படுவதால் அது பயனுள்ளதாகிவிடாது. தனித்தன்மை வேறு, பொருத்தம் வேறு. பொருந்தாத பக்கமும் ஒரே இடத்தில் மட்டும் தோன்றக்கூடும். மூன்றாவது, ஒப்பீடு முதற்பக்க முடிவுகளோடு நின்றது. ஒன்றில் மூன்றாம் இடத்தில் உள்ள பக்கம் மற்றொன்றில் பதினைந்தாம் இடத்தில் இருந்தால், அங்கு அது இல்லாததாகவே கணக்கிடப்படும். எனவே இந்த ஆய்வு அளந்தது பெரிதும் வரிசையின் வேறுபாட்டையே. அடைவின் வேறுபாட்டை நேரடியாக அளக்கவில்லை.

நான்கு இரண்டான வரலாறு

மேற்கண்ட ஆய்வு நிகழ்ந்தபோது அந்த நான்கு தேடுபொறிகளும் தத்தமக்கெனத் தனி அடைவைக் கொண்டிருந்தன. அந்நிலை ஐந்து ஆண்டுகளில் மாறிற்று. 2009-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி யாகூ தன் தேடலுக்கு மைக்ரோசாஃப்ட்டின் பிங்கைப் பயன்படுத்தத் தொடங்கியது. எம்எஸ்என் தேடல்தான் பெயர் மாறி பிங் ஆகியிருந்தது. 2010-இல் ஆஸ்க் தன் சொந்தத் தேடற்பொறிப் பணியைக் கைவிட்டது. பெயரளவில் நான்கும் தொடர்ந்தன. ஆனால் அவற்றின் பின்னால் நின்ற பெரும் அடைவுகள் இரண்டாகச் சுருங்கின.

பிற்காலத்தில் புகழ்பெற்ற பல தேடுபொறிகளுக்கும் இது பொருந்தும். டக்டக்கோவின் வலைத்தேடல் முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து பெறப்படுபவை. ஸ்டார்ட்பேஜ் நெடுங்காலமாகக் கூகுளின் முடிவுகளைப் பயனரின் அடையாளத்தை மறைத்து வழங்கி வருகிறது. ஆங்கில வலையைப் பொறுத்தவரை, கூகுள், பிங் நீங்கலாகச் சொந்த அடைவு கொண்டவை என மோஜீக், பிரேவ், ரஷ்யாவின் யான்டெக்ஸ் போன்ற சிலவற்றையே சுட்ட முடிகிறது. பிரேவ் கூட 2023-இல்தான் பிங்கைச் சார்ந்திருப்பதை முற்றிலும் விட்டது.

மூலபாடத் திறனாய்வில் பயின்றோர்க்கு இதன் விளைவு எளிதில் விளங்கும். ஒரே மூலச் சுவடியிலிருந்து படியெடுத்த பத்து ஏடுகள் ஒரு பாடத்தை ஒருமுகமாகக் காட்டினாலும் அவை பத்துச் சான்றுகள் ஆகா. ஒரு சான்றின் பத்துப் படிகளே ஆகும். தனி மரபில் வந்த ஒற்றை ஏடு மாறுபட்ட பாடத்தைக் காட்டினால், பதிப்பாசிரியர் தலைகளை எண்ணி அதனை ஒதுக்குவதில்லை. யாகூ, டக்டக்கோ, பிங் ஆகிய மூன்றும் ஒரு பக்கத்தைச் சுட்டும்போது, அங்கும் மூன்று சாட்சிகள் இல்லை. ஒரே அடைவைப் பயன்படுத்துவோர் வரிசையைச் சற்று மாற்றி அமைக்கலாம். ஆனால் அந்த அடைவில் இல்லாத பக்கம் அவர்களுள் எவரிடமும் கிடைக்காது.

தொகுக்கும் முறையும் அதன் விளைவும்

மூலங்களின் சார்பு முடிவுகளின் வரிசையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ‘அ’ என்னும் பக்கம் சொந்த அடைவு கொண்ட ஒரு தேடுபொறியில் முதலிடத்தில் உள்ளது, வேறெங்கும் இல்லை. ‘ஆ’ என்னும் பக்கம் மூன்று தேடுபொறிகளில் நான்காம் இடத்தில் உள்ளது எனக் கொள்வோம்.

இக்ஸ்குவிக் தன் சிறந்த காலத்தில் பின்பற்றிய முறை, ஒரு பக்கத்தை முதல் பத்து இடங்களுள் வைக்கும் ஒவ்வொரு தேடுபொறிக்கும் ஒரு விண்மீன் தருவது. இம்முறையில் ‘அ’ ஒரு விண்மீனும் ‘ஆ’ மூன்று விண்மீன்களும் பெறும். போர்டா முறையில், பத்து முடிவுகள் கொண்ட பட்டியலில் முதலிடத்திற்கு 10, நான்காம் இடத்திற்கு 7 என மதிப்பிட்டால், ‘அ’ 10 புள்ளிகளும் ‘ஆ’ 21 புள்ளிகளும் பெறும். 2009-இல் கார்மாக், கிளார்க், பியூட்சர் ஆகியோர் முன்வைத்த தலைகீழ்த் தரத்தொகுப்பு முறையில், தர எண்ணோடு 60-ஐக் கூட்டி அதன் தலைகீழ் மதிப்பு எடுக்கப்படும். அதன்படி ‘அ’ பெறுவது 1/61, அதாவது ஏறத்தாழ 0.0164. ‘ஆ’ பெறுவது 3/64, அதாவது 0.0469.

சர்க்ஸ் கருவியிலும் அதன் வழிவந்த சர்க்ஸ்என்ஜியிலும் அமைந்த அடிப்படைக் கணக்கு இன்னும் கூர்மையானது. ஒவ்வோர் இடத்தின் தலைகீழ் மதிப்பையும் கூட்டி, அதனை எத்தனை இடங்களில் பக்கம் காணப்பட்டதோ அந்த எண்ணால் பெருக்குகிறது. மூலங்களுக்குச் சம மதிப்பு அளித்தால் ‘அ’வின் மதிப்பு 1. ‘ஆ’வின் மதிப்பு முக்காலை மூன்றால் பெருக்கிய 2.25.

மூன்று தேடுபொறிகளும் ஒன்றையொன்று சாராதனவாயின் ‘ஆ’ முந்துவதற்கு நியாயம் உண்டு. மூவர் தனித்தனியே கண்டு ஒன்றையே சொல்வது வலிமையான சான்று. ஆனால் மூன்றும் ஒரே அடைவின் படிகளாயின், உண்மையில் உள்ளது ஒரு நான்காமிடம் மட்டுமே. அப்போது சர்க்ஸ் கணக்கில் ‘ஆ’ பெற வேண்டியது 0.25. அது 2.25 ஆக, அதாவது ஒன்பது மடங்காக உயர்ந்துவிடுகிறது. தலைகீழ்த் தரத்தொகுப்பில் இவ்வுயர்வு மூன்று மடங்கு. ஒரு சான்றாகக் கொண்டால் ‘ஆ’ 1/64 பெற்று ‘அ’வுக்குப் பின்னால் நிற்கும். முறைக்கு முறை அளவு மாறினாலும் பிழையின் திசை ஒன்றே. ஒரே அடைவைப் பல பெயர்களில் சேர்க்கச் சேர, தனித்த அடைவு ஒன்று தரும் அரிய முடிவு கீழே தள்ளப்படுகிறது. கூட்டுத் தேடுபொறியை எதற்காக நாடினோமோ, அதற்கு நேர்மாறான விளைவு இது.

கருவிகளின் ஒப்பீடு

1996-இல் தொடங்கிய டாக்பைல், முதலில் ஒவ்வொரு தேடுபொறியின் விடையையும் தனித்தனிப் பட்டியலாகக் காட்டியது. பின்னரே ஒரே பட்டியலாக இணைத்து, எந்தத் தேடுபொறியில் கிடைத்தது என்பதை முடிவின் அருகில் குறித்தது. தனிப்பட்டியல் முறை பயனர்க்குச் சுமையாகக் கருதப்பட்டது. ஆய்வு நோக்கில் அதற்கு ஒரு சிறப்பு உண்டு. எந்த மூலம் என்ன சொன்னது என்பது அதில் மறைவதில்லை. இரு பட்டியல்கள் ஏறத்தாழ ஒன்றாக இருப்பின் சார்பும் உடனே வெளிப்படும். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தரும் பதிப்புக்கும், தராமல் திருத்திய பாடத்தை மட்டும் தரும் பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இது ஒக்கும்.

1998-இல் தோன்றிய இக்ஸ்குவிக், விண்மீன் முறையால் தொகுப்பின் அடிப்படையைப் பயனர்க்கு வெளிப்படையாக உணர்த்தியது. 2016-இல் அது ஸ்டார்ட்பேஜுடன் இணைக்கப்பட்டது. பல மூலங்களை ஒப்பிட்ட கருவி, ஒரு பெரும் மூலத்தை மறைவுக் காப்போடு வழங்கும் கருவிக்குள் அடங்கியது. அந்தரங்கம் காப்பது நல்ல பண்பே. எனினும் அது கூட்டுத் தேடலுக்கு ஈடாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிப் பரிந்துரைக்கும் கையேடுகள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் நிறுவிய விவிசிமோ, 2004-இல் கிளஸ்டியை வெளியிட்டது. தொகுத்த முடிவுகளைப் பொருள்வாரிக் குழுக்களாகப் பிரித்துப் பெயரிட்டுக் காட்டியது அதன் தனிச்சிறப்பு. ஒரே சொல் பல பொருள் தரும்போது இது பெரிதும் உதவியது. ஆனால் குழுக்கள் முடிவுகளோடு வரும் இரண்டு மூன்று வரிச் சுருக்கங்களைக் கொண்டே அமைக்கப்பட்டன. முழுப் பக்கமும் படிக்கப்படவில்லை. கிளஸ்டி 2010-இல் கைமாறியது. விவிசிமோவை 2012-இல் ஐபிஎம் வாங்கியது.

ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் 1996-இல் தோன்றிய மெட்டாகெர், பின்னர் ஒரு பொதுநலச் சங்கத்தின் பொறுப்பில் இயங்கியது. 2016-இல் தன் நிரலைத் திறமூலமாக வெளியிட்டது. வணிக நோக்கமற்ற அமைப்பாயினும் விளம்பர வருவாயையே அது நம்பியிருந்தது. 2024 செப்டம்பரில் யாகூ தன் உடன்பாட்டை முடித்துக்கொண்டதும், கட்டணமில்லாத் தேடலை மெட்டாகெர் நிறுத்த நேர்ந்தது. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுப் பணி ஒரு மூலத்தின் முடிவால் தன் வடிவை இழந்தது.

2014-இல் ஆடம் டாபர் தொடங்கிய சர்க்ஸ், 2021-இல் அதிலிருந்து கிளைத்த சர்க்ஸ்என்ஜி ஆகியன திறமூலக் கருவிகள். எவரும் தம் வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். சர்க்ஸ்என்ஜி வலைத்தேடல், கலைக்களஞ்சியம், ஆய்விதழ்க் களஞ்சியம் என இருநூறுக்கும் மேற்பட்ட சேவைகளை வினவ வல்லது. ஒவ்வொரு முடிவின் கீழும் மூலத்தின் பெயரைக் காட்டுகிறது. விடை தராத மூலம் எது என்பதையும் அறிவிக்கிறது. மூலங்களைச் சேர்க்கவும் நீக்கவும் அவற்றின் மதிப்பை மாற்றவும் இயலுவதால், முன்னர்ச் சுட்டிய பிழையைப் பயனரே திருத்திக்கொள்ளலாம். ஒரே அடைவைச் சார்ந்தவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இக்கருவிகளுள் ஆய்வுப் பயன்பாட்டிற்கு மிகவும் ஏற்றது இதுவே. ஆனால் இதன் வலுவின்மை உறுதியின்மையில் உள்ளது. பெருந்தேடுபொறிகள் தானியங்கி வினவல்களைத் தடுப்பதால், இன்று விடை தந்த மூலம் நாளை தராமல் போகலாம். அறிவிப்பைக் கவனிக்காத பயனர், ஐந்து மூலங்களைத் தேடியதாக எண்ணி இரண்டின் விடையை மட்டும் பெற்றிருக்கலாம்.

முறையான வழியில் விடை பெறுவதும் எளிதாக இல்லை. சிறு தேடுபொறிகள் பலவற்றுக்கு ஆதாரமாக இருந்த பிங்கின் தேடல் நிரலிடைமுகத்தை மைக்ரோசாஃப்ட் 2025 ஆகஸ்டு 11 அன்று நிறுத்தியது. கூட்டுத் தேடுபொறியின் வாழ்வு பிறர் அடைவைத் திறந்து வைப்பதைப் பொறுத்தது என்பதை மெட்டாகெரின் வரலாறும் இந்நிகழ்வும் காட்டுகின்றன.

தமிழ் வினவல்

தமிழில் தேடும்போது மேலும் ஒரு சிக்கல் எழுகிறது. கூட்டுத் தேடுபொறி பயனரின் வினவலை மொழியறிந்து விரிவாக்குவதில்லை, தட்டச்சிட்டவாறே அனுப்புகிறது. ‘புறநானூறு’ என்னும் பெயர் கட்டுரைகளில் ‘புறநானூற்றில்’, ‘புறநானூற்றுப் பாடல்கள்’ எனத் திரிந்தே மிகுதியாக வரும். ‘மதுரைக்காஞ்சி’ சேர்த்தும் பிரித்தும் எழுதப்படும். ஒரு தேடுபொறி இவ்வடிவங்களை இணைத்துப் பார்க்கலாம். மற்றொன்று வெவ்வேறு சொற்களாகக் கொள்ளலாம். அவற்றின் விடைகள் ஒரே பட்டியலில் கலந்தபின், எது இல்லாமையால் வரவில்லை, எது வடிவ வேறுபாட்டால் வரவில்லை எனப் பிரித்தறிய இயலாது. மேற்கோள் குறி, தளக் கட்டுப்பாடு போன்றவற்றையும் எல்லா மூலங்களும் ஒரே வகையில் ஏற்பதில்லை. ஒரு மூலம் தொடரை முழுமையாகத் தேட, மற்றொன்று சொற்களைத் தனித்தனியே தேடும். குழுவாக்கும் கருவிகளுக்கும் இச்சிக்கல் உண்டு. வேற்றுமை ஏற்ற வடிவங்களை ஒரே சொல்லெனக் கருதாத நிரல் ஒரே பொருண்மையைப் பல குழுக்களாகச் சிதறடிக்கும்.

இதனினும் அடிப்படையான எல்லை ஒன்று உண்டு. எழுத்துணரி வழி உரையாக்கப்படாத பழைய இதழ்ப் படிமங்களும், ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக் குறியேற்றங்களில் நின்றுவிட்ட பக்கங்களும் ஒருங்குறியில் தட்டச்சிடும் வினவலுக்கு அகப்படுவது அரிது. எந்த அடைவிலும் சொல்லாக இடம்பெறாததை எத்தனை அடைவுகளைக் கூட்டினாலும் பெற முடியாது. தமிழாய்வில் ‘கிடைக்கவில்லை’ என்பது ‘இல்லை’ என்று பொருள்படாமைக்கு இது முதன்மைக் காரணம்.

முடிவுரை

கூட்டுத் தேடுபொறிகள் தோன்றிய காலத்தில் அவற்றின் அடிப்படையான கருதுகோள் சரியாகவே இருந்தது: பல தேடுபொறிகள் பல அடைவுகளைக் குறித்தன. அக்கருதுகோள் இன்று பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஆகவே மூல எண்ணிக்கையால் கருவியை மதிப்பிடும் வழக்கம் கைவிடத்தக்கது. ஒன்றையொன்று சாராத அடைவுகள் எத்தனை, தொகுப்பு முறை வெளிப்படையானதா, ஒவ்வொரு முடிவின் மூலமும் காட்டப்படுகிறதா, விடை தராத மூலம் அறிவிக்கப்படுகிறதா என்னும் நான்கு வினாக்களே மதிப்பீட்டுக்கு உரியவை. இவற்றின்படி, மூலங்களைத் தேர்ந்தமைத்த சர்க்ஸ்என்ஜி முன்னிற்கிறது. அதனை நிறுவிக்கொள்ள இயலாதவர், சொந்த அடைவு கொண்ட இரண்டு தேடுபொறிகளைத் தனித்தனியே வினவி இரு பட்டியல்களையும் ஒப்பிடுவது, பெயர்ப்பட்டியல் நீண்ட கூட்டுத் தேடுபொறி ஒன்றை நம்புவதினும் மேலானது.

ஆய்வேட்டில் தேடலைச் சான்றாகக் காட்டுவோர், கருவியின் பெயரோடு நில்லாமல், தேடிய நாள், வினவிய சொல்வடிவங்கள், உண்மையில் விடை தந்த மூலங்கள், அவற்றின் அடைவு யாருடையது என்பவற்றையும் குறித்தல் வேண்டும். சுவடி எண்ணும் நூலகப் பெயரும் இல்லாத பாடத்தைப் பதிப்புலகம் ஏற்பதில்லை. ‘இதுவரை ஆய்வு நிகழவில்லை’ என்னும் தொடருக்கும் அதே அளவு பொறுப்பை நெறியாளரும் புறத்தேர்வாளரும் கோரலாம்.